அறுந்தாலும் நிற்காதது

உக்ரைன் போர்முனைப் படங்களில் வயல்வெளி முழுக்கச் சிலந்தி வலை போல ஏதோ மின்னும். ட்ரோன்கள் இழுத்துப்போன கண்ணாடி இழைகள். ரேடியோ அலையை ஜாமர் முடக்கிவிடுவதால், கிலோமீட்டர் கணக்கில் இழையை அவிழ்த்துக்கொண்டே பறக்கின்றன.

பார்த்ததும் ஜெர்மனியின் 'கோலியாத்' நினைவுக்கு வந்தது. 1942-ல் களமிறங்கிய, இடுப்புயரம்கூட இல்லாத சங்கிலிச் சக்கர வண்டி. வயிற்றில் 60 கிலோ வெடிமருந்து, வால் மாதிரி பின்னால் கட்டுப்பாட்டுக் கம்பி. மெதுவாகத்தான் ஊரும். 1944 வார்சா எழுச்சியில் போலந்துக் கிளர்ச்சியாளர்கள் அந்தக் கம்பியை அறுத்தே அதை முடக்கினார்கள். 7,000-க்கும் மேல் செய்தும் பெரிய பலனில்லை.

தொடர்பு அறுவதுதான் இந்தச் சின்ன இயந்திரங்களின் பழைய நோய். இப்போது அதற்கு மருந்து வந்துவிட்டது. கடைசிச் சில நூறு மீட்டரில் இணைப்பு போனாலும், கேமரா குறித்துவைத்த இலக்கை ட்ரோனே துரத்திப்போய் மோதுகிறது. இது நடைமுறையில் பலிக்கிறது என்பதுதான் எனக்குப் பயம். வார்சாவில் கம்பி அறுந்தால் வண்டி நின்றது. இப்போதோ, இணைப்பு போன அந்தக் கடைசி நொடிகளில் எதிரே இருப்பவன் கையைத் தூக்கிவிட்டால், அதைப் பார்த்து நிறுத்த மறுமுனையில் யாருமில்லை.