முன்பாரம், பின்பாரம்

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் வெயிலுக்கு ஒதுங்கும் வண்டி. அப்படி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் காருக்குப் பின்னால் கோத்து, ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகப்போவதாக என் அத்தான் அறிவித்தபோது, அணுபுரத்தில் அவரை அறிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் விலையைக் கேட்டார்கள்.

அத்தானுக்கு அணுசக்தித் துறையில் உத்தியோகம். 60 வயதானால் உத்தியோகத்தோடு குவார்ட்டர்ஸையும் விட்டுவிட வேண்டும். 33 வருஷம் சர்க்கார் வீட்டில் வாழ்ந்த மனிதர், திருக்கழுக்குன்றத்தில் கட்டிய சின்ன வீட்டுக்குள் உடனே முடங்க மனமில்லாமல், சக்கரம் வைத்த வீட்டுக்கு ஆசைப்பட்டார். காலமும் அவருக்கு அனுகூலமாகத்தான் இருக்கிறது. கேரவன் பிரயாணத்துக்கென்று மத்திய சர்க்கார் முன்பே கொள்கை வகுத்தது. கேரளம் 2021-ல் தனித் திட்டமே அறிவித்தது. 2022-ல் மஹிந்திரா கம்பெனி, சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து, பொலிரோ வண்டியையே வீடாக்கித் தர ஒப்பந்தம் செய்தது.

வண்டி கட்டுகிறவர் மூன்று பக்கப் பட்டியல் ஒன்று அனுப்பினார். வண்டியின் விலை முதல் பக்கத்தில் அடக்கமாக இருந்தது. மற்ற இரண்டு பக்கமும் ‘விரும்பினால்’ சேர்த்துக்கொள்ளும் சாமான்கள். குளிர்சாதனம், மைக்ரோவேவ் அடுப்பு, டெலிவிஷன், வெளியே விரியும் பந்தல், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இன்னுமொரு 100 லிட்டர் தொட்டி. அத்தான் எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தார்.

இந்த ஆசை புதிதல்ல. 1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் (சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதியவர், ஆகவே என் இனம்) உல்லாசப் பிரயாணத்துக்கென்றே ஒரு வண்டி செய்யச் சொன்னார். ‘வாண்டரர்’ என்று பெயர். அதற்குள்ளே ஹார்மோனியம், புத்தக அலமாரி எல்லாம் உண்டு. எடை இரண்டு டன். ஹார்மோனியத்துக்கு அவர் டிக் போட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. இழுத்தது குதிரைகள்.

எங்கள் தாத்தாவிடம் கூண்டு வண்டி இருந்தது. எல்லோரும் ஏறியதும் அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: முன்பாரமா, பின்பாரமா? முன்பாரமானால் மாட்டுக்குக் கழுத்து நோகும். பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். எங்களை முன்னும் பின்னும் நகர்த்தி உட்காரவைத்த பிறகுதான் வண்டி புறப்படும். கேரவனுக்கும் அதே சாஸ்திரம்தான். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்கொக்கியின்மேல் அமர வேண்டும். பின்பாரமானால் வேகம் பிடித்ததும் வால் ஆடத் தொடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கக்காற்று வேறு. லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டாவது தொட்டியைப் பின்னால் வைத்தால், 100 கிலோ ஆசாமி ஒருவரை வாலில் ஏற்றிக்கொண்ட மாதிரி.

மின்சாரக் கணக்கை நான் சொல்லித்தரவில்லை. அத்தானே எனக்குச் சொன்னார். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி. ஒரு டன் குளிர்சாதனம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதைக் குடித்துவிடும். 30 வாட் மின்விசிறியானால் 40 மணி நேரம் சுற்றும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, குளிர்சாதனத்துக்குப் போட்ட டிக்கை அவர் அழிக்கவில்லை!

டெலிவிஷனையும் பந்தலையும் அடுத்த வருஷம்கூட வாங்கலாம். அச்சையும் பிரேக்கையும் அப்படி மாற்ற முடியாது. சதுரங்கப்பட்டினத்து உப்புக்காற்றில் நிற்கப்போகிற அடிச்சட்டத்துக்கு நாகப்பூச்சு முதலிலேயே வேண்டும். வாசல் இடப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்க மாதிரியைப் பார்த்துச் செய்தால் வலப்பக்கம் வைத்துவிடுவார்கள், இறங்குகிறவர் நேரே லாரிக்கு முன்னால் இறங்குவார்.

அக்கா அதுவரை வாயைத் திறக்கவில்லை. வண்டிக்காரர், “இது அம்மாவுக்காக” என்று இரண்டு அடுப்பும் தொட்டியும் மசாலா அடுக்குமாக ஒரு சமையலறைப் படத்தைக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

“கக்கூஸ் எங்கேப்பா?”

“அது எக்ஸ்ட்ராங்க அம்மா. வழியில பெட்ரோல் பங்க் நிறைய இருக்கே.”

“அடுப்பு?”

“அது வண்டியோடயே வரும்.”

“அதை எடுத்துட்டு அங்கே இதை வைங்க. வழியில ஓட்டலும் நிறைய இருக்கு.”

வெளியூர் பஸ் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்களில் அக்காவும் ஒருத்தி. முழங்கால் தேய்ந்த பிறகு, குந்தி உட்காரும் இடங்களும் பயன்படவில்லை. மூன்று வருஷமாக அவள் எந்த வெளியூர்க் கல்யாணத்துக்கும் போனதில்லை. கேட்டால், வெயில் என்பாள். அத்தானும் வெயில் என்றே நம்பியிருந்தார். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பேனாவை எடுத்து, குளிர்சாதனத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். ‘படிக்கட்டு உயரம் ஆறு அங்குலம்’ என்று தன் கையால் எழுதிச் சேர்த்தார்.

“காப்பிக்காவது ஓர் அடுப்பு...” என்றார் கடைசியில்.

“வெளியில வெச்சு நீங்க போடுங்க” என்றாள் அக்கா.

வண்டிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. அத்தான் குவார்ட்டர்ஸ் பால்கனியில் ஒற்றை அடுப்பை வைத்துக்கொண்டு தினமும் காப்பி போட்டுப் பழகிவருகிறார். டிகாக்‌ஷன் இன்னும் தண்ணீராகத்தான் இறங்குகிறது.