ஸ்டிக்கர் டைல்ஸும் அம்மாவோட கால் விரலும்

தரையில ஒட்டுற வினைல் ஸ்டிக்கர் டைல்ஸ் வாங்கி, ஆள் வெக்காம நாமளே ஒட்டிடலாம்னு யோசிக்கிறீங்களா? ஒட்டி, ரெண்டே மாசத்துல பிரிச்சவன் நான். கொஞ்சம் நீளமான திரெட். பொறுத்துக்கோங்க.

எங்க வீடு அப்பா கட்டுனது. கீழ முழுக்க ரெட் ஆக்சைடு தரை. ஒரு காலத்துல முகம் பாக்கலாம், அவ்ளோ பளபளப்பு. இப்போ அங்கங்க விரிசல், குழி. அம்மாவுக்கு 15 வருஷமா சுகர். ராத்திரி எந்திரிச்சுப் போகும்போது அந்தக் குழில ரெண்டு தடவை தடுமாறிட்டாங்க. பழைய தரையை இடிச்சு டைல்ஸ் போட்டா ரெண்டு வாரம் தூசி, சத்தம். அம்மாவை எங்க கொண்டுபோய் வெக்கிறது? அதான் ஆன்லைன்ல ஸ்டிக்கர் டைல்ஸ்.

கணக்கு ஈஸி. ஒரு டைல் 12க்கு 12 இன்ச், அதாவது ஒரு சதுர அடி. ஹால் 10க்கு 12, அப்போ 120 டைல். வெட்டுறதுல வீணாகும்னு 10 சதவீதம் சேர்த்து 132 வாங்கினேன்.

ஒட்டுறதை ஒழுங்காத்தான் பண்ணேன், அதுல குறை சொல்ல முடியாது. சுவத்தை ஒட்டி ஆரம்பிக்கக் கூடாது, எந்தச் சுவரும் நேரா இருக்காது. கொத்தனார் மாதிரி நூல் பிடிச்சு, ரூமோட நடுவுல ரெண்டு கோடு குறுக்க போட்டேன். மூலை மட்டம் சரியான்னு பாக்க, ஒரு கோட்டுல 3 அடி, இன்னொண்ணுல 4 அடி குறிச்சு, குறுக்க 5 அடி வருதான்னு அளந்தேன். பின்பக்கப் பேப்பரை உரிக்காமலே ஒரு வரிசை அடுக்கிப் பாத்தேன். ஓரத்துல ஒல்லியான துண்டு வந்தா கோட்டை அரை டைல் நகர்த்திடணும். பின்னாடி போட்டிருக்கிற அம்புக்குறியைப் பாத்து ஒட்டுனேன். இந்தப் பசை அழுத்தினாத்தான் பிடிக்கும், அதனால ஒவ்வொரு டைல் மேலயும் பூரிக்கட்டை உருட்டினேன். அம்மா புதுப் பூரிக்கட்டை வாங்க வெச்சிட்டாங்க.

செப்டம்பர்ல ஒட்டுனது. பாத்தவங்க எல்லாம் மரத்தரையான்னு கேட்டாங்க. எனக்கு ஒரே பெருமை.

நவம்பர்ல மழை பிடிச்சது. சமையக்கட்டு வாசப்படிகிட்ட நாலஞ்சு டைலோட மூலை மெல்லத் தூக்குச்சு. ஃபெவிக்விக் வெச்சு அமுக்கிட்டு டூட்டிக்குப் போயிட்டேன்.

நைட் டூட்டி முடிச்சு காலைல வந்தா ஹால்ல கோடு கோடா ரத்தம். சமையக்கட்டுல அம்மா காபி போட்டுட்டு இருக்காங்க. வலது கால் கட்டைவிரல் நகம் பாதி பேந்து நிக்குது. "என்னம்மா இது?"ன்னு கத்துறேன், குனிஞ்சு பாத்துட்டு, "எப்ப தம்பி ஆச்சு?"ன்னு என்னையே கேக்குறாங்க.

தூக்கிட்டு இருந்த மூலைல நகம் மாட்டியிருக்கு. அவங்களுக்குத் தெரியவே இல்ல.

ஓ.பி.ல தினமும் பத்து பேருக்காவது, "சுகர் இருக்குல்ல, ராத்திரி படுக்கும் முன்ன உள்ளங்காலைப் பாருங்க"ன்னு சொல்றவன். 10 கிராம் மோனோஃபிலமெண்ட்னு ஒரு நைலான் இழை இருக்கு, பாதத்துல தொட்டு உணர்ச்சி இருக்கான்னு பாக்குறதுக்கு. அன்னைக்குத்தான் முதல்முறையா அம்மா கால்ல வெச்சேன். கண்ணை மூடிட்டு, "வெச்சிட்டியா?"ன்னாங்க. அஞ்சு இடத்துல வெச்சு முடிச்சிருந்தேன்.

சரி, டைல் ஏன் தூக்குச்சு? பசை மட்டமில்ல. எங்க வீடு மாதிரி பழைய வீடுகள்ல தரைக்குக் கீழ ஈரத்தைத் தடுக்க ஒண்ணும் போட்டிருக்க மாட்டாங்க. மண்ணோட ஈரம் மேல வந்து, சிமெண்ட் தரை வழியா கண்ணுக்குத் தெரியாம காத்துல போயிட்டே இருக்கும். அது மேல வினைலை ஒட்டுனா போற வழி அடைபட்டுப் போகும். ஈரம் பசைக்கு அடியிலயே தங்கும். ஈரத் தோல்ல பிளாஸ்திரி ஒட்டினா என்ன ஆகும்? அதேதான். போதாததுக்கு வருஷக்கணக்கா மெழுகு போட்டுத் தேச்ச தரை வேற.

வாங்குறதுக்கு முன்ன நான் பண்ணியிருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டை, நாலு பக்கமும் காத்துப் போகாம டேப் போட்டு தரையில ஒட்டி ஒரு நாள் விடணும். பிரிக்கும்போது அடியில நீர் முத்து நின்னாலோ தரை கருத்திருந்தாலோ அந்த இடத்துல ஒட்டாதீங்க. வெயில் காலத்துல காஞ்சிருந்தாலும் மழைல ஒருமுறை பாத்துடுங்க. பாத்ரூமுக்கு டெஸ்டே வேணாம், வேண்டவே வேண்டாம்.

ஹேர் டிரையர்ல சூடு காட்டி 120-ஐயும் பிரிச்சேன். பிசின் போக தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டி, வழுக்காம இருக்க சோப்பு போட்டு மூணு தடவை கழுவினேன். ஒட்டுனதை விட இதுதான் பெரிய வேலை. குழிகளைக் கொத்தனார் அரை நாள்ல சிமெண்ட் பூசி மட்டமாக்கிட்டுப் போயிட்டார். அதை முதல்லயே பண்ணியிருக்கலாம்.

மிச்சமிருந்த 12 டைலை மாடி ரூம்ல கட்டிலுக்கு முன்னாடி ஒட்டினேன். கீழ மண்ணு இல்லாத கான்கிரீட் தளம். ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு, ஒரு மூலை கூட அசையல.

விரல் ஆற அஞ்சு வாரம் ஆச்சு. விரல் தப்பிச்சது. வீட்டுக்குள்ள போட எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் குடுத்தேன். "வீட்டுக்குள்ள செருப்பா?"ன்னு ஒரு வாரம் சண்டை. இப்போ சாமி ரூம் வாசல்ல மட்டும் கழட்டுறாங்க.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஸ்டூல் மேல ரெண்டு காலையும் நீட்டிட்டு, "டாக்டர், பாத்துட்டுப் போ"ங்கிறாங்க. டூட்டி இருக்கிற நாள்ல வீடியோ கால்.