எந்த பில்லுக்குப் பொருத்தம்?

'பில்' என்றதும் ஓட்டல் பில்லும் கரன்ட் பில்லும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 'ஃபிட் தி பில்' என்ற ஆங்கில வழக்கில் பணம் கட்டும் வேலையே இல்லை. தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்துவது என்பதுதான் பொருள்.

இந்த 'பில்', நாடக நோட்டீஸைக் குறிக்கிறது என்பது பரவலான விளக்கம். அன்றைய நிகழ்ச்சிகளையும் நடிகர்களின் பெயர்களையும் அச்சடித்து ஒட்டுவார்கள். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'ஃபில் தி பில்' என்று புழங்கியது, பிறகு 'ஃபிட் தி பில்' ஆனது.

குரோம்பேட்டையில் வீடு தேடுகிறீர்கள். ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரம், தண்ணீர்க் கஷ்டம் இல்லை, வாடகையும் கைக்கு அடக்கம். 'திஸ் ஹவுஸ் ஃபிட்ஸ் தி பில்' என்று சொல்லலாம். நடுவில் 'ஃபார்' போட வேண்டாம். சட்டை அளவு சரியாக இருந்தால் வெறும் 'ஃபிட்ஸ்' போதும்.

பொருந்தவில்லை என்று சொல்லும்போதுதான் இந்த வழக்கு சுடுகிறது. சேலையூரில் வேலை தேடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு, 'யூ டோன்ட் ஃபிட் தி பில்' என்று மெயில் வந்தது.

"என்னடி பில்லு? எவ்வளவு கட்டணுமாம்?" என்றார் அம்மா.

"நான் எதுக்கும் லாயக்கில்லையாம்மா" என்றாள் மகள்.

மெயிலில் அப்படி எழுதியிருக்கவில்லை. அந்த ஒரு வேலைக்கு அவர்கள் போட்டு வைத்திருந்த பட்டியலோடு அவள் பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதை ரயிலை வைத்தே சொல்லலாம். 1931-ல் கடற்கரை - தாம்பரம் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அது மீட்டர்கேஜ், தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். எழுபது வருடங்களுக்கு மேல் அலுவலகத்துக்கும் காலேஜுக்கும் ஆட்களைச் சுமந்த அந்த ரயில்கள் 2004-ல் நின்றன. அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். மீட்டர்கேஜ் பெட்டியின் சக்கரங்கள் அதில் உட்காராது. அதனால் அந்தப் பெட்டிகள் மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. பாதையின் அளவு வேறு.

வேலை, காலேஜ், வரன் என எதில் 'பொருந்தவில்லை' என்ற பதில் வந்தாலும், என்ன கேட்டார்கள் என்று ஒருமுறை பாருங்கள். கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் கற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால், அது வேறு நாடகத்தின் நோட்டீஸ்.