இருபதாம் நம்பர் கட்டடம்

எந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெக்டஸை எடுத்தாலும் முதல் நாலு பக்கத்துக்குள் ஒரு பட்டியல் இருக்கும். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், கெமிக்கல், கம்ப்யூட்டர்... அப்புறம் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். கடைசியில் ஆய்வு மையங்கள் என்று இன்னொரு நீளப் பட்டியல். "எங்களிடம் இல்லாத துறையே இல்லை" என்பதுதான் சாரம். ஆனால் இத்தனை துறைகள் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பதால் யாருக்கு என்ன லாபம்? மெக்கானிக்கல் படிப்பவன் நாலு வருஷத்தில் ஒருமுறைகூட உயிரியல் லேபுக்குள் எட்டிப் பார்க்காமல் வெளியே போய்விடலாமே!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மரக் கட்டடத்தின் கதையும், அதற்குள் வேலை கேட்டு நுழைந்த ஒரு பெயிலான மாணவரின் கதையும் போதும்.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கும் எம்.ஐ.டி.யில் கட்டடங்களை எண் சொல்லித்தான் அழைப்பார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது அங்கே ரேடார் ஆராய்ச்சி மும்முரமாக நடந்தது. இடம் போதவில்லை. 1943-ல் அவசர அவசரமாக மூன்று தளங்களில் ஒரு கட்டடத்தை எழுப்பினார்கள். எண் 20. கட்டியது மரத்தால். அதன் வரைபடம் ஒரே மதியத்தில் போடப்பட்டது என்பார்கள். மரக் கட்டடத்துக்குத் தீயணைப்பு விதிகள் இடம் கொடுக்காது இல்லையா? போர் முடிந்த ஆறு மாதத்தில் இடித்துவிடுவோம் என்று சொல்லி விலக்கு வாங்கினார்கள்.

போர் 1945-ல் முடிந்தது. கட்டடம் 1998 வரை நின்றது!

போர் முடிந்ததும் மாணவர்கள் குவிந்தார்கள், இடத்துக்குத் தட்டுப்பாடு. எனவே இடிக்க மனம் வரவில்லை. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களை எல்லாம் இங்கே அனுப்பினார்கள். கோடையில் வேகும், குளிரில் ஜன்னல் சரியாக மூடாது. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் பட்டியலைப் பாருங்கள்.

நோம் சோம்ஸ்கி 1955-ல் எம்.ஐ.டி.க்கு வந்தது, இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டம் ஒன்றில் வேலை பார்க்க. அந்தத் திட்டத்தில் அவருக்கு நம்பிக்கையே இல்லை! அவரும் மோரிஸ் ஹாலேயும் இந்தக் கட்டடத்தில் இருந்துகொண்டுதான் மொழியியலைப் புரட்டிப் போட்டார்கள். அதே கூரையின்கீழ் ஜெரோம் லெட்வின் தவளையின் கண் நரம்பில் மின்முனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் வெறும் கேமரா இல்லை, 'சின்னதாக ஏதோ நகர்கிறது' என்கிற அளவுக்கு அலசிய பிறகுதான் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்று 1959-ல் அவரும் நண்பர்களும் எழுதிய கட்டுரை நரம்பியலில் இன்றும் பேசப்படுகிறது. இன்னொரு அறையில் பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் சங்கம். டெலிபோன் ரிலேக்களை வைத்து ரயில் பாதையை இயக்கிப் பழகிய அந்தப் பசங்கதான் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் தாவி, 'ஹேக்கர்' என்ற வார்த்தையையே உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஒலியியல் ஆய்வுக்கூடமும் அங்கேதான். கடையில் வாங்கிய ஸ்பீக்கர் ஏமாற்றிவிட்டதே என்று அங்கே போய் ஆராய ஆரம்பித்த அமர் போஸ், பின்னாளில் தன் பெயரிலேயே ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கினார்.

இதில் எதுவும் திட்டமிட்டு நடந்ததல்ல. யாருக்கும் வேண்டாத கட்டடம் என்பதால் யாரும் அனுமதி கேட்கவில்லை. சுவரில் ஆணி அடிக்கலாம், கம்பி இழுக்கலாம். ஜெரால்டு சக்கரியாஸ் என்ற பேராசிரியருக்கு அணுக் கடிகாரம் செய்ய மூன்று மாடி உயரத்துக்கு ஒரு உருளை தேவைப்பட்டது. குறுக்கே இருந்த தளங்களை வெட்டி எடுத்துவிட்டு நிறுத்திவிட்டார்!

இங்கேதான் அந்தப் பெயிலான மாணவர் வருகிறார்.

ரெய்னர் வைஸ் 1932-ல் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பம் கடைசியில் நியூயார்க் வந்து சேர்ந்தது. பள்ளி வயதிலேயே ரேடியோ ரிப்பேர், ஆம்ப்ளிஃபயர் கட்டுவது என்று இருந்தார். அவருக்கு ஒரே ஒரு கவலை. பழைய இசைத்தட்டுகளில் பாட்டுக்குப் பின்னால் கேட்கிற 'உஸ்ஸ்' சத்தத்தை எப்படி நீக்குவது? அதைக் கற்றுக்கொள்ளத்தான் எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் சேர்ந்தார். அங்கே ஆடியோவைத் தவிர எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இயற்பியலுக்கு மாறினார். அப்புறம் பியானோ வாசிக்கிற ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, அவள் பின்னாலேயே சிகாகோ பக்கம் போய், வகுப்பைக் கோட்டைவிட்டார். காதலும் போச்சு, படிப்பும் போச்சு. கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்.

ஊருக்குத் திரும்பாமல் இருபதாம் கட்டடத்துக்குள் நுழைந்து, ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டார். சோல்டரிங் தெரியும், எலெக்ட்ரானிக்ஸ் தெரியும் அல்லவா? சக்கரியாஸின் லேபில் டெக்னீஷியனாகச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாடி உருளையோடு மல்லுக்கட்டுவதுதான் வேலை. சீசியம் அணுக்களை நீரூற்று மாதிரி மேலே எறிந்து, அவை ஏறி இறங்குவதற்குள் நேரத்தை மிகத் துல்லியமாக அளப்பது சக்கரியாஸின் திட்டம். அப்படி ஒரு கடிகாரத்தைச் சுவிட்சர்லாந்தில் மலையுச்சியிலும் இன்னொன்றைப் பள்ளத்தாக்கிலும் வைத்தால், ஈர்ப்பு விசை நேரத்தை எப்படி மாற்றுகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம்.

நீரூற்று வேலை செய்யவில்லை. அணுக்கள் சொன்னபடி கேட்கவில்லை. (லேசரால் அணுக்களைக் குளிரவைக்கத் தெரிந்த பிறகு, 1989 வாக்கில்தான் அது சாத்தியமானது. இன்று நேரத்தின் தரத்தை நிர்ணயிப்பவை அதே சீசியம் நீரூற்றுக் கடிகாரங்கள்தான்!) ஆனால் அந்தத் தோல்வியில் வைஸுக்கு ஒரு வழி கிடைத்தது. அதே சக்கரியாஸிடம் 1962-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1964-ல் எம்.ஐ.டி.க்கே ஆசிரியராகத் திரும்பினார்.

கொஞ்ச நாளில் பொதுச் சார்பியல் பாடம் எடுக்கச் சொன்னார்கள். அவருக்கே அது சரியாகத் தெரியாது. மாணவர்களைவிட ஒரு நாள் முன்னால் படித்துப் படித்துப் பாடம் நடத்தினார். ஈர்ப்பு அலைகளை எப்படி அளப்பது என்று மாணவர்கள் கேட்டார்கள். இரண்டு பொருள்களுக்கு நடுவே ஒளியை அனுப்பித் தூரம் மாறுகிறதா என்று பார்த்தால் என்ன என்று அதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். பிறகு அவரே உட்கார்ந்து, அந்தக் கருவியில் எந்தெந்த இரைச்சல்கள் குறுக்கே வரும், நில அதிர்வு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, லேசரின் தடுமாற்றம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டார். 1972-ல் அதை ஒரு ஜர்னலுக்குக்கூட அனுப்பவில்லை. தன் ஆய்வகத்தின் காலாண்டு அறிக்கையில் போட்டதோடு சரி. இருபதாம் கட்டடத்திலேயே ஒன்றரை மீட்டர் நீளத்தில் ஒரு சின்ன மாதிரியும் கட்ட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் கதையின் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தின் சுதந்திரத்துக்குப் பெருமளவு பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவம். போரில் ரேடாரின் பலனைக் கண்டவர்கள், என்ன செய்கிறீர்கள் என்று அதிகம் கேட்காமல் கொடுத்தார்கள். தவளைக் கண்ணுக்கும் கொடுத்தார்கள், இலக்கணத்துக்கும் கொடுத்தார்கள். வியட்நாம் போர்க் காலத்தில், ராணுவப் பணம் ராணுவத்துக்கு நேரடித் தொடர்புள்ள ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று 1969-ல் சட்டம் வந்தது. பல்கலைக்கழகங்களில் ராணுவத்தின் பிடி தளர வேண்டும் என்று விரும்பியவர்களுக்கு அது நியாயமான சட்டம். ஆனால் ஈர்ப்பு அலைக்கும் ராணுவத்துக்கும் என்ன தொடர்பு? வைஸின் பணம் நின்றது. தேசிய அறிவியல் அமைப்பிடம் விண்ணப்பித்துக் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீண்டார். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்க ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது எது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். கால்டெக்கின் கிப் தோர்னும் மற்றவர்களும் சேர, அந்த ஒன்றரை மீட்டர் நாலு கிலோமீட்டராக வளர்ந்து 'லைகோ' ஆனது. அதற்குள் என்னென்ன வேண்டியிருந்தது பாருங்கள். நாலு கிலோமீட்டர் குழாயில் காற்றை வெளியேற்றும் எஞ்சினியர்கள், தரை அதிர்ந்தாலும் 40 கிலோ கண்ணாடியை ஆடாமல் தொங்கவிடத் தெரிந்தவர்கள், லேசர்க்காரர்கள், கண்ணாடிக்குப் பூச்சு பூசுபவர்கள், கம்ப்யூட்டரில் கருந்துளைகளை மோதவிட்டுப் பார்ப்பவர்கள். பிராஸ்பெக்டஸின் பட்டியலில் பாதி அதற்குள் இருக்கிறது! 2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதன் அதிர்வு அந்தக் கண்ணாடிகளுக்கு வந்து சேர்ந்தது. அளந்த மாற்றம் ஒரு புரோட்டானின் விட்டத்தில் மிகச் சிறிய ஒரு பங்குதான். 2017-ல் வைஸ், தோர்ன், பேரி பேரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு.

இசைத்தட்டின் 'உஸ்ஸ்' சத்தத்தை நீக்க வந்த பையன், ஒரு வகையில் வாழ்நாள் முழுக்க அதே வேலையைத்தான் செய்தார். இரைச்சலை விலக்கி, அடியில் இருக்கிற பாட்டைக் கேட்பது.

இருபதாம் கட்டடத்தை 1998-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் 2004-ல் ஃபிராங்க் கெரி வடிவமைத்த கோணல்மாணலான ஸ்டாட்டா மையம் எழுந்தது. வைஸ் 2025 ஆகஸ்டில், 92 வயதில் காலமானார்.

அடுத்த வருஷம் தம்பி தங்கைகள் யாராவது பிராஸ்பெக்டஸோடு வந்து 'இந்தக் காலேஜ்ல எத்தனை டிபார்ட்மெண்ட் இருக்கு?' என்று கேட்டால், எண்ணிச் சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே இன்னொன்றையும் விசாரிக்கச் சொல்லுங்கள். பெயிலான ஒரு பையன், கையில் சோல்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு வந்து கதவைத் தட்டினால், உள்ளே வா என்று சொல்கிற லேப் ஒன்றாவது அங்கே இருக்கிறதா?