கானாவில் தப்பிய ஒரு கணினி

பிள்ளைகளே, கணினிப் பாதுகாப்புப் பிரிவு என்றாலே நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். பாஸ்வேர்டை மாற்று, அனுமதி வாங்கு, அதை நிறுவாதே என்று எதற்கெடுத்தாலும் குறுக்கே நிற்கிறார்களாம். தொழில்கள் எழுந்ததையும் விழுந்ததையும் நெடுங்காலம் பார்த்தவன் சொல்கிறேன்: காவல் உள்ள இடத்துக்குத்தான் துணிந்து திசை மாறும் சுதந்திரம் உண்டு.

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல், உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியே பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் உலகெங்கும் முடங்கியது. மும்பைக்கு அருகே நவசேவா துறைமுகத்தில் அதன் முனையமும் நின்றுபோனது.

யாருக்கு எந்தக் கணினியில் அனுமதி என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அந்த நிறுவனத்திடம் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு. எல்லாமே ஒன்றாகப் போகும் என்று யாரும் எண்ணவில்லை. கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதிலிருந்த பதிவேட்டை இணையம் வழியே அனுப்ப வேகம் போதவில்லை. அங்கிருந்து ஒருவர் நைஜீரியா வரை சென்று ஹார்ட் டிஸ்க்கைக் கைமாற்ற, அது மீட்புப் பணி நடந்த பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. மின்வெட்டை நாம் திட்டாத நாளில்லை, அங்கே அதுவே காவல் தெய்வமானது! ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பித் தொழில் நடத்த முடியாது.

ஊழியர்கள் தளரவில்லை. பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவினார்கள். அதுவரை காகிதமும் வாட்ஸ்அப்பும்தான். சரக்கு 20 சதவீதம் மட்டுமே குறைந்தது என்றார் அப்போதைய தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே. நஷ்டமோ 25 முதல் 30 கோடி டாலர். அந்தப் பொறுமையை வணங்குகிறேன். ஆனால் வலையோடு தொடர்பில்லாமல் அந்தப் பதிவேட்டின் பிரதி ஒன்று தனியே முன்பே இருந்திருந்தால், அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருந்திருக்காது.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பனியன் முதலாளி, வாரந்தோறும் கணக்கைத் தனி டிஸ்க்கில் எடுத்து வேறு ஊருக்கு அனுப்புவார். அனுப்பியதோடு விடாமல், அவ்வப்போது திறந்து சரிபார்க்கவும் செய்வார். வெளிநாட்டு வாடிக்கையாளர் புதிய மென்பொருளுக்கு மாறச் சொன்னபோது, அண்டை கம்பெனிகள் தயங்கின. இவர் மறுநாளே சரி என்றார். கெட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் வழி அவர் கையில் இருந்தது.

நாளை அலுவலகம் போனதும் கேளுங்கள். நம் பிரதி எங்கே இருக்கிறது? அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? கணினி நின்றால் பில் போடுவது யார்? பதில் கிடைக்காவிட்டால், அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.