எச்சரிக்கை மணியும் ஏட்டுக் கணக்கும்

உயிரைக் காக்கும் பொருளே உரிய இடத்தினின்று நீங்கின் உயிரைப் போக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இரிடியம்-192 என்னும் கதிரியக்க உலோகத்தின் சிறு துண்டை மெல்லிய கம்பியின் நுனியில் வைத்து, குழாய் வழியே கட்டியினருகே செலுத்துகின்றனர். சில நிமிடங்களில் இயந்திரம் அதனைத் தன் காப்பறைக்குள் மீட்டுக்கொள்ள வேண்டும். மீட்டுக்கொண்டதா என்பதே கேள்வி.

1992 நவம்பர் 16 ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து இந்தியானா என்னும் ஊரில், 82 வயது மூதாட்டியொருவருக்கு இச்சிகிச்சை நடந்தது. கம்பி முறிந்து துண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. சுவரிலிருந்த கருவி எச்சரித்தது. இயந்திரத்தின் திரையோ துண்டு பத்திரமாயிருப்பதாகக் காட்டிற்று. ஊழியர் திரையை நம்பினர். எச்சரித்த கருவியே பழுதென்றனர். கையால் ஏந்தி அளக்கும் கருவி அருகிலிருந்தும் எடுத்தாரில்லை. அம்மூதாட்டி முதியோர் இல்லம் திரும்பினார். 21 ஆம் நாள் மாண்டார். இடையே குழாய் கழன்று குப்பையிற் சேர்ந்தது. கழிவு நிலையத்துக் கருவி ஒலித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் 94 பேர் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்தனர்.

யான் செம்பனைத் தோட்டத்துக் கிராணி; வைத்தியம் கற்றவனல்லன். ஆயினும் இவ்விபத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்தபோது எம் ஸ்டோரே நினைவிற்கு வந்தது. களைக்கொல்லி டின்கள் பன்னிரண்டென்று ஏட்டில் இருந்தாற் போதாது; அறையைத் திறந்து பன்னிரண்டையும் எண்ண வேண்டும். அன்று அத்திரை காட்டியது ஏட்டுக் கணக்கு மட்டுமே. சரக்கை எண்ணினார் எவருமிலர்.

துண்டு காணவில்லை எனின் செய்யத்தக்கவை யாவை? நோயாளி, படுக்கைத் துணி, குப்பைத்தொட்டி எதுவும் அளக்கப்படாமல் அறையை விட்டு நீங்கலாகாது. கண்டபின் விரலால் தொடலாகாது; நீண்ட இடுக்கியால் எடுத்து ஈயப் பேழையில் இட வேண்டும். தூரம் இருமடங்காயின் கதிரின் செறிவு நாலிலொன்றாகக் குறையும். ஆதலின் விலகி நிற்பதும் விரைந்து முடிப்பதுமே காப்பு.

என் தமக்கையார்க்கு இவ்வாண்டு இவ்வகைச் சிகிச்சை நிச்சயித்துள்ளனர். “அஞ்சாது செல்லுங்கள், நோயை விட்டுவைப்பதே பேரபாயம். முடிந்ததும், ‘கருவியால் அளந்தீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள்” என்றேன்.

“படிக்காதவள் நான். டாக்டரைக் கேள்வி கேட்கலாமா, தம்பி?” என்றார்.

அன்பர்களே, நம்மவர் வாயைக் கட்டிவைத்திருப்பது இவ்வச்சமே அன்றோ? அம்மூதாட்டியை அளக்க ஒரு நிமிடம் போதும். அளக்கச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நன்கு கற்ற மருத்துவர் அக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளார். கொள்வாராயினும் கேட்டேயாக வேண்டும். உடல் தமக்கையாருடையது, கேட்கும் உரிமையும் அவருடையதே.