வசனம் இல்லாத ராஜா

ஜாக்சன் துரைக்குத்தான் நேரம் பிடிக்கிறது. கட்டபொம்மனை மீசை ஒட்டி, கிரீடம் வைத்து அரை மணி நேரத்தில் எழுப்பிவிட்டார் மேக்கப்காரர். துரையோ கடம்பூர்ப் பக்கம் பருத்திக்காட்டில் காய்ந்த முகத்துக்காரர். காதுமடல், பிடரி, புறங்கை என்று விடாமல் சபேதா பூசி, மேலே ரோஸ் பவுடரை ஒற்றி ஒற்றி ஏற்ற வேண்டியிருக்கிறது.

"கரிசலை வெள்ளையாக்குறது லேசுப்பட்ட வேலையா அண்ணாச்சி?"

பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழா; ராத்திரி கட்டபொம்மன் நாடகம். மே மாதத்துச் சாயங்காலம். ஊர் ஊராக ஜோதி ஏந்தி ஓடிவந்தவர்கள் மரத்தடியில் கால் நீட்டிக் கிடக்கிறார்கள். நான் கடம்பூரில் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேஷனில் போளி வாங்கிக்கொண்டு பசுவந்தனை வழியாக வந்தேன். வழிநெடுக வெடித்துக் கிடக்கும் கரிசல், விட்டால் சீமைக்கருவேலம்.

நினைவுக்கோட்டை 1974-இல் கருணாநிதி ஆட்சியில் எழுப்பியது. மாலை வெளிச்சத்தில் சினிமா செட்டைப் போல மினுக்குகிறது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. உண்மைக் கோட்டை முழுக்க மண். ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், சுற்றிலும் முள்வேலி; அவ்வளவுதான். பக்கத்தில் தொல்லியல் துறை காத்துவரும் பழைய அடித்தளத்தைப் பார்த்தால், இத்தனை சின்ன இடத்துக்கா அத்தனை பீரங்கி என்றிருக்கிறது.

உடுப்பும் கோட்டை மாதிரிதான். டிரஸ்காரரின் தகரப்பெட்டியில் இருப்பது 1799-ஆம் வருஷத்துப் பாளையக்காரர் உடை அல்ல. 1959-இல் பந்துலு எடுத்த கட்டபொம்மன் படத்தில் சிவாஜி போட்டது. ஜிகினா வைத்த வெல்வெட், மார்புக்குக் குறுக்கே பட்டை, தகர உடைவாள். இதில் ஒன்று குறைந்தாலும் முன்வரிசையில் சத்தம் வரும் என்கிறார் அவர். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுகள் கல்யாண பேண்ட் செட்டில் கழித்தவை. தோளில் பித்தளைப் பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை.

மீசைதான் பெரிய தொழில். வலைத்துணியில் முடி கோத்து, நுனியை மெழுகால் முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிட் கம் தடவியதும் மேலுதடு எரிகிறது. ராஜபார்ட் கண்ணை மூடிக்கொள்கிறார். இனி விடியும்வரை வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது, டீயைக்கூட அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். "வேர்வையில மீசை ஒரு பக்கம் தொங்கிருச்சுன்னு வைங்க, வரி கேக்குற வசனமெல்லாம் காமெடியாப் போயிரும்." பகலில் இவர் கொத்தனார். நாடகம் இருக்கும் மாதங்களில் மட்டும் ராஜா.

சிப்பாய்களில் இரண்டு பேருக்கு மேக்கப்காரர் வெள்ளை பூசவில்லை. சபேதா போதாதாம். வரலாறு அவர் பக்கம்தான் நிற்கிறது. 1799 செப்டம்பர் 5-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பானர்மன் கோட்டையைத் தாக்கியபோது உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் சென்னைப் படையின் சுதேசிச் சிப்பாய்கள். 1801-இல் நடந்த அடுத்த சண்டையில் எட்டயபுரத்து ஆட்களும் கம்பெனியோடு சேர்ந்துகொண்டார்கள். பூசாத முகம்தான் சரியான வேஷம்.

நாடகம் கயத்தாற்றில் கட்டபொம்மனின் தூக்குமரத்தோடு முடிகிறது. 1799 அக்டோபர் 16. எனக்கு அங்கேதான் குறை. இந்த மண்ணின் ஆகப் பெரிய கதை அதற்கப்புறம் தொடங்குகிறது. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். கம்பெனி தரைமட்டமாக்கிய கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுகிறது. வந்து பார்த்த கம்பெனியின் மெக்காலே படைக்கு நம்ப முடியவில்லை. மார்ச் 31-இல் ஏறிப் பார்த்துத் தோற்றுத் திரும்புகிறார்கள். மே 24-இல், அக்னியூ தலைமையில் கூடுதல் படை வந்த பிறகுதான் கோட்டை விழுகிறது. அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட நினைவுகளில் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கிறார். பேச்சு வராத அந்த மனிதர் இடது உள்ளங்கையில் துரும்புகளை வைத்து, இதுதான் வெள்ளைக்காரப் படை என்று காட்டுவாராம். வலக்கையால் ஒரே வீச்சில் துடைத்து, வாயால் விர்ரென்று ஒலி எழுப்பினால் தாக்குதலுக்கு உத்தரவு. நடிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஊமைத்துரையை மேடையேற்றலாமா என்று நாடக வாத்தியாரிடம் கேட்டேவிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கும். ஆனா வசனம் பேசாத ராஜாவுக்கு எந்த ஊர்ல அட்வான்ஸ் குடுப்பாக?"

கண்ணாடி முன் புருவம் தீட்டிக்கொண்டிருந்த ஸ்திரீபார்ட்காரர் திரும்பினார். கோட்டை விழுந்த பிறகு நடந்ததாக வெல்ஷ் எழுதியதை அவரிடம் சொன்னேன். பிணங்களுக்கிடையே மகனைத் தேடிப்போன ஒரு தாய். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்று ஊமைத்துரையைக் காட்டுகிறான். வீட்டுக்குத் தூக்கிவந்தவரைத் தேடி எதிரிகள் வர, துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போனான் என்று அழுகிறார்கள். வந்தவர்கள் பயந்து ஓடுகிறார்கள்.

"அந்த ஆத்தா வேஷம் எனக்கு. ஒரு பாட்டு மட்டும் வேணும்."

"முகாரி போட்ருவோம்" என்று ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்தினார்.

"முகாரி எதுக்குய்யா? உள்ள கெடக்கறவரு உசுரோடல்ல இருக்காரு. பொய் அழுகைதான அது?"

"மகன் நெசமாவே செத்துப்போறாம்லா? அதுக்கு யாரு அழுவா?"

மேடையில் மணி அடித்துவிட்டது. வாத்தியார் அதட்டியும் இருவரும் விடவில்லை.